ராஜையனுடைய தாத்தா வேஷம்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கட்டுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாது. டிசம்பர் மாதம் வீடு வீடாகக் கேரல் பாடப் போகிற கூட்டத்தில், சிவப்பு அங்கியும் அட்டை முகமூடியும் பஞ்சுத் தாடியும் கையில் கம்புமாக ஆடுகிறவர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற ராஜையன்தான் என்று கைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். சொல்லக் கூடாது, அவ்வளவுதான். தாத்தா வாயைத் திறக்க மாட்டார். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கோயிலில் வைத்து அவர் உடுப்பு மாற்றுவதும் கிடையாது. கூட்டம் புறப்பட்டு முதல் முடுக்குச் சந்தைத் தாண்டும்போது எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்வார். இதை யார் சட்டமாக்கினார்கள் என்று தெரியவில்லை. வேதத்தின் பத்துக் கட்டளைகளில் நாலைந்தை மறந்துபோனவர்கள்கூட இதை மறந்ததில்லை.

இந்தச் சட்டத்தை யாரையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தவள் ராஜையனின் மனைவி செல்லபாய். கேரல் கூட்டம் கடைசியாக வந்து நிற்பது அவர்கள் வீட்டில்தான். தாத்தா படியருகே வந்து, அவள் மூக்குக்கு நேரே நின்று ஒரு முழு ஆட்டம் போடுவார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுப்பார். அவள் ஒரு முந்திரிக்கொத்து கொடுப்பாள். கூட்டம் கலைந்து சற்றுநேரம் கழித்து, முகம் கழுவின ஈரத்தோடு ராஜையன் அடுக்களைக் கதவு வழியாக உள்ளே வருவார்.

"தாத்தா வந்திட்டுப் போயாச்சா பிள்ளே?"

"வந்தாரு. வயசான காலத்துல அடங்கி இருக்கப்பிடாதா அந்த மனுசன்? எனக்க காலையும் சவுட்டிட்டுப் போனாரு."

"அடுத்தாண்டு வந்தா நல்லா நாலு கேளு."

"கேக்கத்தான் போறேன்."

இருபது வருஷமாக இதே பேச்சு. ஒரு வருஷமாவது இரண்டு பேரில் ஒருவர் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருக்க வேண்டுமே? கிடையாது. சிரிப்பெல்லாம் விளக்கை அணைத்த பிறகுதான். பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளுக்கு அந்தச் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்கும்.

அந்த ராஜையன், எழுபத்துநாலாம் வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கடைக்குப் போகச் சட்டையை மாட்டினவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் ராஜபாய் கோயம்புத்தூரிலிருந்து வந்து அழுதுவிட்டு, தன்னோடு வந்து இரு என்று கெஞ்சிவிட்டுப் போனாள். செல்லபாய் போகவில்லை. வெள்ளைப் புடவை உடுத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், மற்ற நாளெல்லாம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் வந்தது. இழவு விழுந்த வீட்டில் ஆண்டு திரும்பும்வரை நட்சத்திர விளக்குத் தொங்கவிட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். கேரல் கூட்டம் அந்த வீட்டை விட்டுவிடாது. ஆனால் அங்கே டிரம் அடிக்காது. தாத்தா முற்றத்துக்குள் வராமல் வெளியே ஒதுங்கி நிற்பார். மெதுவாக ஓர் ஆறுதல் பாட்டைப் பாடி, துக்கத்தில் இருக்கிறவருக்காக ஒருவர் ஜெபம் பண்ணி, சத்தம் காட்டாமல் போய்விடுவார்கள். இந்த வருஷம் அது தன் வீட்டில் நடக்கும் என்று செல்லபாய்க்குத் தெரியும். அதை நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ராஜையன் வாசலில் மெதுவான பாட்டா?

மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் தங்கையன் வந்தார். அட்டக்குளங்கரையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்; கேரலில் டிரம் அவர்தான். ராஜையனின் கூட்டுக்காரர், நெருங்கிய சிநேகிதர்; அவருக்கு ராஜையன் அண்ணன், செல்லபாய் மைனி. உட்காரச் சொல்லியும் உட்காராமல், தயங்கித் தயங்கித் தூணைத் தடவிக்கொண்டே நின்றார்.

"மைனி, ஒரு காரியம் கேக்கணும். கேக்கவும் மடியா இருக்கு."

"சொல்லும் தங்கையா."

"அண்ணனுக்க தாத்தா உடுப்பு இங்க தானே இருக்கு? எனக்க அக்கா மவன் ராஜமணி இந்தாண்டு வேஷம் கெட்டுகேன்னு சம்மதிச்சிருக்கான். பிள்ளைய எல்லாம் தாத்தா வருவாரா வருவாரான்னு கேட்டுக் கொல்லுது. நிங்களுக்கு மனசில்லேண்ணா வேண்டாம் கேட்டியளா. தாத்தா இல்லாமத் தன்னே போயிரலாம்."

"தாத்தா இல்லாமலா? அது எப்படி ஒக்கும்? பயலை வரச் சொல்லும். அளவு பாத்துத் தச்சுக் குடுக்கேன்."

மறுநாள் ராஜமணி வந்தான். டிரான்ஸ்போர்ட் பஸ்ஸில் டிரைவர். நல்ல பையன்தான், ஆனால் வாசலில் குனிந்து நுழைகிற உயரம். அங்கியை மேலே போட்டதும் அது அவன் முழங்காலோடு நின்றுவிட்டது. தோளில் தையல் முனகியது. "கீழ கொஞ்சம் துணி வச்சு, தோளைப் பிரிச்சு விட்டாப் போதும் மாமி" என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டுப் போனான்.

செல்லபாய் அங்கியை மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். நாப்தலின் நாற்றத்துக்கு அடியில், கழுத்துப் பட்டியில், ராஜையன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. அந்தத் துணியை முதன்முதலில் வெட்டியபோது அவர் கடையில் இருந்தார். அவள் தன் உடம்பில் வைத்துத்தான் அளவெடுத்தாள். இருவரும் ஒரே உயரம். 'நம்ம ரெண்டு பேரும் தராசுத் தட்டாக்கும், ஒண்ணு தாழவும் செய்யாது, ஒண்ணு உயரவும் செய்யாது' என்று அவர் சொல்லுவார். கத்தரிக்கோல் தோள் தையல்மேல் நின்றது. இதை வெட்டினால் அவர் இரண்டாம் தடவையும் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றிற்று. வெட்டாவிட்டால் பிள்ளைகளுக்குத் தாத்தா இல்லை. ராஜையன் ஜுரத்தோடுகூட ஒரு வருஷம் ஆடினாரே, அந்தத் தாத்தா இல்லாமல் போவதா? இரண்டில் எதையும் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

கடைசியில் அவள் செய்தது, யோசித்துச் செய்த காரியம் இல்லை. எழுந்து அங்கியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது. ராஜையன் ஒல்லி, வயிற்றில் தலையணை கட்டித்தான் தாத்தா ஆவார். செல்லபாய்க்குத் தலையணை வேண்டியிருக்கவில்லை; கர்த்தர் கொடுத்திருந்ததே தாராளம். முகமூடியையும் மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, முறம் கேட்கப் புழக்கடை வழியாகப் பார்வதியம்மாள் வந்தாள். பழவங்காடியில் பூக்கடை வைத்திருப்பவள், எதற்கும் அசராதவள்.

"எனக்க பத்மநாபா!" என்று அவள் போட்ட கூச்சலில் கூரைக் காக்கை பறந்தது.

"நாந்தான்க்கா" என்று செல்லபாய் முகமூடியைக் கழற்றினாள்.

"அட பாவி! ராஜையன்தான் எழும்பி வந்தாருண்ணு எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு." பார்வதியம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு மேலும் கீழும் பார்த்தாள். "அவரே தன்னே. கீழ வெள்ளைப் பொடவை மட்டும் எட்டிப் பாக்குது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் செல்லபாய் கேட்டாள்: "அக்கா, நான் போனா என்ன?"

"எங்க?"

"கேரலுக்கு."

"உனக்குப் பைத்தியமா? பொம்பளை, அதும் ஆண்டு திரும்பாதவ, தெருவில நின்னு ஆடுகதா? தெரிஞ்சா உனக்க சபையில அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் இதைத் தன்னே பேசுவாங்க. கோயிலுக்குள்ள தலை காட்ட முடியுமா உனக்கு?"

"முடியாது."

"பின்னே?"

"இதை வெட்டவும் முடியல்லக்கா."

பார்வதியம்மாள் அவள் கையில் இருந்த முகமூடியைப் பார்த்தாள். பிறகு அதட்டலாகச் சொன்னாள்: "அந்தப் பொடவையை மேல ஏத்திச் சொருகு. அவருக்க ஷூ பெரிசா இருக்கும், துணி திணி. பேசாம இருக்க உனக்கு முடியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்."

செல்லபாய் தங்கையனுக்குச் சொல்லி அனுப்பினாள்: தாத்தா முதல் முடுக்கில் வந்து சேர்ந்துகொள்வார், யார் என்று கேட்கக் கூடாது, ராஜமணி பெட்ரோமாக்ஸ் பிடித்தால் போதும். தங்கையன் தலையைச் சொறிந்தார். மைனி தன் பிறந்த ஊரான மார்த்தாண்டத்திலிருந்து தம்பி யாரையாவது வரவழைத்திருப்பாள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, சட்டத்தை மதித்து வாயை மூடிக்கொண்டார்.

கேரல் அன்று விளக்கு வைத்த நேரத்தில், முடுக்கு மதிலோரம் நின்றிருந்த தாத்தா கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் "தாத்தா!" என்று கத்திக்கொண்டு செல்லபாயைச் சூழ்ந்தார்கள். முதல் வீட்டு முற்றத்தில் டிரம் முழங்கியது. காலோ எழும்பவில்லை. முகமூடிக்குள் தன் மூச்சே தனக்குச் சூடாக அடித்தது. கண்ணுக்கு வைத்திருந்த இரண்டு ஓட்டைகளில் உலகம் ஒரு சாணளவுதான் தெரிந்தது. தள்ளி நின்ற வீட்டுக்காரர்கள் கூட்டமாகத் தெரிந்தார்களே தவிர, யார் முகமும் தனியாக அகப்படவில்லை. இன்னும் கிட்டே போனாள். படிக்கு ஒட்டினாற்போலப் போய் நின்றபோது, வாசலில் இருந்த பெண்ணின் முகம் அந்த ஓட்டைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூக்குக்கு நேரே வந்து நின்று காலை மிதிக்கிற மனுஷனை இருபது வருஷமாக வைதாளே! அவர் அவள் முகத்தைத்தான் தேடி வந்திருக்கிறார். மற்ற வீடுகளில் எட்டி நின்று ஆடுகிறவர், அவள் முகம் முழுதாகத் தெரிகிற இடம்வரை வந்து நின்றிருக்கிறார். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? அன்பு பொங்கிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில் கால் எழும்பிவிட்டது.

பிறகு நிற்கவில்லை. முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி, வயிற்றை ஒரு குலுக்கு, கம்பைச் சுழற்றி அரைச் சுற்று. ராஜையன் ஆட்டம் அவளுக்கு மனப்பாடம். கால் முட்டு வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு கிழவர் "இந்தாண்டு தாத்தா நல்லாத் தடிச்சுட்டாரே" என்றார். தாத்தா அவர் முன்னால் போய் வயிற்றை இன்னொரு தடவை குலுக்கிக் காட்டினார். முற்றமே சிரித்தது. ஒரு குட்டிப் பெண் அங்கியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீடுவரை கூடவே வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு செல்லபாய் அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது வீடோ நாலாவது வீடோ முடிந்து நடக்கும்போது தங்கையன் டிரம்மோடு அருகில் வந்து காதோரம் சொன்னார்: "தாத்தாவே, கம்பு வலது கையிலயாக்கும். அண்ணன் வலது கையிலதான் பிடிப்பாவ."

தாத்தா தலையை ஆட்டிவிட்டுக் கம்பைக் கை மாற்றிக்கொண்டார். அடுத்த வீட்டில் ஆட்டம் குழம்பிவிட்டது. வலதுபக்கம் சுற்ற வேண்டிய இடத்தில் இடதுபக்கம் சுற்றி, காலோடு கால் தட்டி, விழப்பார்த்தாள். தன் தப்பு என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜையன் ஆடியதை அவள் எப்போதும் எதிரே நின்றுதான் பார்த்திருக்கிறாள். அவருடைய வலது கை அவளுக்கு இடது பக்கம். கண்ணாடியில் பார்த்துப் பழகினதுபோல, ஆட்டம் முழுவதையும் கை மாற்றி, கால் மாற்றிப் படித்து வைத்திருக்கிறாள்.

தங்கையன் டிரம்மை அடித்தபடியே அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ராஜையனுக்குப் பின்னால் நின்று கொட்டினவர் அவர். இப்படி மனப்பாடம் ஆகும்வரை எதிரே நின்று பார்த்தவர் யார் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் பிடித்திருக்கலாம். தெருவுக்கு வந்ததும் மறுபடி கிட்டே வந்தார்.

"வேண்டாம். இடது கையிலயே இருக்கட்டும்" என்றார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. கண்டுபிடித்துவிட்டாரா, இல்லை விழுந்து காலை ஒடித்துக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று சொல்கிறாரா என்று செல்லபாய்க்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பவே அவள் பயந்தாள்.

அதைவிடப் பெரிய பயம் அவள் தெரு முக்கில் காத்திருந்தது. ஷூவுக்குத் துணி திணித்தாள், புடவையைச் சொருகினாள், மிட்டாயைப் பையில் நிறைத்தாள், கதவைப் பூட்டினாள். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கூட்டம் கடைசியில் வரப்போவது அவள் வீட்டுக்கு. அவளுக்கு ஆறுதல் சொல்ல.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கதவுப் பூட்டு பளபளவென்று மின்னியது.

"மாமி!" என்று ராஜமணி கூப்பிட்டான். "செல்லபாய் மாமி!" பெட்ரோமாக்ஸைக் கதவருகே கொண்டுபோனான். "பூட்டிக் கெடக்கே. கேரல் வாறது தெரிஞ்சும் எங்க போனாங்க?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பாவம், காணச் சகிக்காம எங்கயோ போயிட்டாங்க" என்றது ஒரு குரல். "இருந்தாலும் பூட்டிப் போட்டா போவது?" என்றது இன்னொன்று. செல்லபாய் வழக்கப்படி முற்றத்துக்கு வெளியே மதிலோரம் ஒதுங்கி நின்றாள். ஓடிவிடலாமா என்றிருந்தது. தாத்தா எப்படி ஓடுவார்?

வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதியம்மாள் விளக்கோடு வந்து நின்றாள். "செல்லபாய்க்குத் தலைவலி. எனக்க வீட்டில கெடக்கா. எழும்ப முடியாது. நிங்க பாட்டைப் பாடிட்டுப் போங்க" என்று, யாரும் உள்ளே வந்து பார்த்துவிடாதபடி வேலித் திறப்பை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மெதுவான பாட்டு தொடங்கிற்று. டிரம் இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்து, யாரும் இல்லாத வாசலுக்கு முன்னால் நின்று பாடினார்கள். செல்லபாய் தன் வீட்டையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கில்லாத வீடு. உள்ளே இருந்து கேட்டிருந்தால் இந்தப் பாட்டு அவளைக் கொன்றிருக்கும். வெளியே இவர்களோடு நின்று கேட்கும்போது, இத்தனை பேரும் தனக்காகப் பாடுகிறார்களே என்று தோன்றியது. கண்ணில் நீர் கோத்தது. முகமூடிக்குள் துடைக்க வழியில்லை.

பாட்டு முடிந்தது. "ஜெபம் பண்ணுவோம்" என்றார் தங்கையன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். செல்லபாயும் மூடினாள். டிரம்மைக் கழற்றிக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். அது வாசல் பக்கம் போகவில்லை. மதிலோரமாக வந்து நின்றது. அவள் தோள்மேல் ஒரு கை வந்து விழுந்தது.

தங்கையனின் ஜெபம் எப்போதும் வேதப்புத்தகத் தமிழில் தொடங்கி, பாதி வழியில் வீட்டுத் தமிழில் வந்து விழும். "பரிசுத்தமுள்ள எங்கள் பரம பிதாவே, இந்த வீட்டின்மேல் உம்முடைய கரத்தை வையும். எங்கள் சகோதரியை ஆற்றித் தேற்றும்" என்று தொடங்கினார். "ஆண்டவரே, எனக்க கூட்டுக்காரனை எடுத்துட்டீரு. நான் ஒண்ணும் சொல்லல்ல. மைனி வீட்டை அடைச்சுப் போட்டு இருட்டில இருந்திருவாங்கன்னு நான் பயந்தேன். இருக்கல்ல. அதுக்கு உமக்கு ஸ்தோத்திரம். இன்னைக்கு இந்தப் பிள்ளையளைச் சிரிக்க வச்சீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். மைனிக்குப் பெலன் குடும் ஆண்டவரே. முட்டுக்கு விசேஷமாக் குடும். ஆமென்."

"ஆமென்" என்றாள் செல்லபாய்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறந்ததிலிருந்து ஜெபம் முடிந்தால் ஆமென் சொன்ன வாய் அது. அழுகையில் தழுதழுத்த பெண்குரல் அட்டை முகமூடிக்குள்ளிருந்து தெள்ளத் தெளிவாக வந்து, மற்ற எல்லார் ஆமெனுக்கும் பிந்தி, தனியாக முற்றத்தில் விழுந்தது.

கண்கள் திறந்தன. அத்தனை பேரும் தாத்தாவைப் பார்த்தார்கள். பிறகு பூட்டைப் பார்த்தார்கள். வேலியோரம் பார்வதியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இனிமேல் எந்த முகத்தோடு இவர்கள் நடுவில் கோயிலில் உட்காருவது என்று செல்லபாய் நினைத்தாள். தோளிலிருந்த கையைத் தங்கையன் எடுக்கவில்லை.

ராஜமணிதான் முதலில் அசைந்தான். பெட்ரோமாக்ஸைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி மதிலோரம் வந்து, அந்த உயரமான உடம்பை வளைத்து, முகமூடிக்கு நேராகக் குனிந்தான். அவன் கண்ணும் நனைந்திருந்தது.

"தாத்தா" என்றான், "எல்லா வீட்டிலயும் ஆடியாச்சு. இந்த வீடு மட்டும் பாக்கி இருக்கு. உள்ள வாருங்க."

தங்கையன் குனிந்து டிரம்மை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். இழவு வீட்டில் அடிக்கக் கூடாத டிரம். ஒரு கணம் யோசித்தார். பிறகு, அண்ணன் இருந்த காலத்தில் அடிப்பதுபோலவே ஓங்கி அடித்தார்.

"வாசல்ல ஆளில்லாம யாருக்கு முன்னால ஆடுகது?" என்று முனகிக்கொண்டே பார்வதியம்மாள் வேலியைத் தாண்டி வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் படியில் ஏறி நின்றாள். செல்லபாய் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு முற்றத்துக்குள் ஆடிக்கொண்டே நுழைந்தாள்.